சித்திரை மலர் ஆடியில் வந்தது

"ஆவணம் 1: வாசிகசாலை ஆண்டு மலர், சித்திரை, பக்கம் 37. முதலாம் கோரிக்கையில் சொல்லப்படும் அம்சங்கள் அனைத்தும் இதில் முன்னரே வெளிப்படுத்தப்பட்டுள்ளன."

ஆக்கவுரிமை விண்ணப்பம் ஒன்றுக்குக் கொழும்பிலிருந்து வந்த பரிசோதனை அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இருந்த வரிகள் இவை. அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. என் குறிப்புப் புத்தகத்தில் இப்படித் தமிழாக்கி வைத்திருக்கிறேன். விண்ணப்பிப்பவர் தனக்கே உரியதென்று கேட்கும் ஒவ்வொன்றையும் அங்கே கோரிக்கை என்கிறார்கள். விண்ணப்பம் என்னுடையதல்ல. ஆனால் அந்த மலரின் முப்பத்தேழாம் பக்கத்தில் இருப்பது என் கட்டுரை.

விண்ணப்பித்தவர் பழுகாமத்தில் எருமை வளர்த்துத் தயிர் விற்பவர். களுதாவளையில் என் வீட்டுக்குத் தயிர் கொண்டுவந்து பழக்கமானவர். தயிர்ச்சட்டிகள் கையால் வனைபவை. ஒன்றின் வாய் மற்றதன் வாயைப் போல் இராது. அதனால் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், லொறி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் மேற்சட்டி கீழ்ச்சட்டியின் கடதாசி மூடியைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். அவர் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி, அதற்குள் உமியை நிரப்பி, இரண்டு நுனியையும் சூடுகாட்டி ஒட்டி ஒரு வளையம் செய்தார். சட்டியின் வாய் எப்படிக் கோணலாக இருந்தாலும் உமி அதற்கேற்ப ஒதுங்கிக்கொடுக்கும். அதன்மேல் அடுத்த சட்டியை வைத்தால் அசையாது.

சந்தையில் அவருக்கு எதிர்க்கடை போட்டிருந்தவர் இதை விடவில்லை. "சும்மாட்டுக்கு பேட்டன்ட் எடுக்கப் போறியாம். மறுகா உலக்கைக்கும் ஒண்டு எடு மச்சான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். தலையில் வைக்கும் சும்மாடு கோணலான சட்டிவாயில் நிற்குமா என்று கேட்டுவிட்டு, தயிர்க்காரர் தன் வளையத்தின்மேல் சட்டிகளை அடுக்கி, அந்தப் பலகையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். எதிர்க்கடைக்காரர் பிறகு இரண்டு வளையம் இரவல் வாங்கிப் போனதாகவும் குறித்து வைத்திருக்கிறேன்.

எங்கள் வாசிகசாலை மலருக்கு ஊர்த் தொழில்களைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டபோது இந்த வளையத்தைப் பற்றி எழுதினேன். காணிக் கந்தோரில் வேலை செய்த காலத்திலிருந்தே எதையும் அளக்காமல் எழுதிப் பழக்கமில்லை. ரியூப்பின் நீளம், உமியின் அளவு, எவ்வளவு இறுக்கமாக அடைக்க வேண்டும், எவ்வளவு நேரம் சூடுகாட்ட வேண்டும் எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு படமும் கீறிக் கொடுத்தேன்.

அறிக்கை வந்த கிழமையே நானும் தயிர்க்காரரும் பஸ் ஏறிக் கல்லடிக்குப் போனோம். விண்ணப்பத்தை எழுதிய சட்டத்தரணி அங்கேதான் இருக்கிறார். கொழும்பில் சில வருடங்கள் இதே வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி, பெற்றோர் வீட்டின் முன்னறையிலிருந்து வேலை பார்க்கும் பெண். விண்ணப்பங்களைக் கணினி வழியே அனுப்புகிறார். கொழும்புக்காரருடன் பேசுவதும் திரையில்தான். இந்த வேலைக்குக் கொழும்பில் இருந்தே ஆக வேண்டும் என்ற காலம் போய்விட்டது என்பதை அந்த அறையில்தான் நேரில் பார்த்தேன்.

அவர் என் கட்டுரையின் பிரதியை மேசையில் வைத்திருந்தார்.

"ஐயா, இது நீங்க எழுதினதுதானே?"

ஓம் என்றேன்.

"நல்லா எழுதியிருக்கிறீங்க. ஒள்ளுப்பம் மோசமா எழுதியிருந்தா எனக்கு வேலை குறைஞ்சிருக்கும்."

தயிர்க்காரர் சிரித்துவிட்டார். "அண்ணன் அப்பிடித்தான் லோயரம்மா. என்ட கலியாணத்தில எத்தின பந்தி வெச்சதெண்டும் எழுதி வெச்சிருப்பார்."

எழுதி வைத்திருந்தேன். ஆனால் அப்போது அதைச் சொல்லவில்லை.

சட்டத்தரணி விளக்கினார். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் உலகத்தில் எங்கேயாவது, எந்த மொழியிலாவது வெளிவந்துவிட்ட ஒன்றைப் புதியது என்று சொல்ல முடியாது. புதிதாக ஒரு கருவி இருக்கிறது என்று மட்டும் ஒருவர் எழுதியிருந்தால் அது பாதிக்காது. வாசித்தவர் தானே செய்துகொள்ளும் அளவுக்கு எழுதியிருந்தால் பாதிக்கும். என் கட்டுரை இரண்டாவது வகை. முன்பெல்லாம் ஊர் மலர் ஒன்றைப் பரிசோதிப்பவர் எங்கே கண்டிருக்கப் போகிறார்! இப்போது தன்னார்வலர்கள் இப்படியான மலர்களைப் படியெடுத்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். தேடும் இயந்திரம் தமிழ் எழுத்தை வாசித்து, மொழிபெயர்த்தும் கொடுத்துவிடுகிறது. அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர் மலரையும் உலகம் ஒரு ஆவணமாக எண்ணுவது நல்லதுதானே என்றார். என் கட்டுரையின் இயந்திர மொழிபெயர்ப்பைச் சொல்லுக்குச் சொல் மூலத்தோடு ஒப்பிட்டிருந்தார். ஓரங்களில் பென்சில் குறிகள் இருந்தன.

உரிமை கிடைக்காவிட்டால் தயிர்க்காரருக்கு என்ன இழப்பு என்பதும் அன்று தெளிவானது. கொழும்பில் பொதி செய்யும் பொருட்கள் விற்கும் கம்பனி ஒன்று அவருடைய வளையத்தைப் பார்த்து அதேபோல் றப்பரில் வார்த்து விற்கத் தொடங்கியிருந்தது. பழுகாமத்தில் அவருடைய வீட்டைச் சுற்றியுள்ள ஆறு பெண்கள் வளையம் செய்கிறார்கள். உரிமை இருந்தால் அந்தக் கம்பனியை நிறுத்தலாம். இல்லாவிட்டால் அந்தப் பெண்களின் வேலை நின்றுவிடும்.

எங்களுக்குச் சாதகமான ஒரு விதி சட்டத்தில் இருந்தது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஓராண்டுக்குள் கண்டுபிடித்தவரே வெளிப்படுத்தியிருந்தால், அல்லது அவரிடம் அறிந்து வேறொருவர் வெளியிட்டிருந்தால், அதை அவருக்கு எதிராக எடுப்பதில்லை. தயிர்க்காரர் விண்ணப்பித்தது ஒரு ஜூன் மாதத்தின் மூன்றாம் கிழமை. மலரில் அச்சிட்டிருப்பதோ அதற்கு முந்திய ஆண்டின் சித்திரை. ஓராண்டு தாண்டிவிட்டது.

நான் உடனே சொன்னேன், அந்த மலர் சித்திரையில் வரவில்லை என்று.

மலர் வெளியிட்டவர்களுக்கு இது புரியும். அட்டையில் சித்திரை என்று போடுவோம். கட்டுரைகளும் அச்சாகிவிடும். முதற் பக்கத்தில் வரவேண்டிய வாழ்த்துச் செய்தி மட்டும் வராது. வாழ்த்துத் தர வேண்டிய பெரியவர் கொழும்பில் இருந்தார். அவருக்காக மலர் காத்துக் கிடந்தது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு முந்திய கிழமைதான் வாசிகசாலையில் வெளியீடு நடந்தது. அந்த மாலை என் நாட்குறிப்பில் இருக்கிறது: "மலர் இன்று வெளியானது. என் பிரதி கைக்குக் கிடைத்தது. கடலை, தேநீர். மழை இல்லை." அன்று அங்கே இருந்த ஒருவர் கையொப்பமிட்டு வாங்கிய பிரதியும் கிடைத்தது, திகதியோடு. அந்த நாள் ஓராண்டுக்குள் வசதியாக விழுந்தது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி கல்லடிக்குப் போனேன். சட்டத்தரணி நாட்குறிப்பை வாங்கி, அந்தப் பக்கத்துக்கு முன்னும் பின்னும் இருந்த பக்கங்களையும் வாசித்தார். நான் சத்தியக்கடதாசி எழுதித் தந்தால் இதைச் சமர்ப்பிக்கலாம் என்றார். பிறகு ஒன்று கேட்டார். வெளியீட்டுக்கு முன் எவருக்காவது ஒரு பிரதியாவது போயிருக்குமா? ஒரே ஒருவர் என்றாலும், இரகசியமாக வைத்திருக்கச் சொல்லாமல் கொடுத்திருந்தால் அது வெளிப்பட்டதுதான்.

இல்லை என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், ஆரையம்பதியைத் தாண்டியதும் ஞாபகம் வந்தது. வாழ்த்துச் செய்தி கிடைக்காமல் அலுத்துப்போன வாசிகசாலைச் செயலாளர், அச்சான தாள்களை நூலால் கட்டி, "இவ்வளவும் தயாராகிவிட்டது, உங்கள் வாழ்த்து ஒன்றுதான் பாக்கி" என்று அந்தப் பெரியவருக்கு அனுப்பினார். பொதியைத் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோனவன் நான். முப்பத்தேழாம் பக்கமும் அந்தத் தாள்களில் இருந்தது.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைப் புரட்டினேன். மலர் வெளியான ஆண்டின் ஜூனில் இரண்டு முறை தபாற்கந்தோருக்குப் போயிருக்கிறேன், இரண்டாம் புதனும் நான்காம் வெள்ளியும். இரண்டு இடத்திலும் "தபாற்கந்தோர் போனேன்" என்று மட்டும் இருக்கிறது. ஒரு நாள் என்னுடைய ஓய்வூதியக் கடிதத்தை அனுப்பினேன். மற்ற நாள் இந்தப் பொதி. எது எந்த நாள் என்று எழுதவில்லை. புதன் என்றால் ஓராண்டுக்கு வெளியே விழுகிறது, வெள்ளி என்றால் உள்ளே. உமியைப் பிடிக்கணக்கில் எழுதியவன் இதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

நான் சொல்லாவிட்டால் இது யாருக்கும் தெரிய வராது. அந்த எண்ணத்தோடு மறுநாள் காலை வரை இருந்தேன். பிறகு சட்டத்தரணிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவர் தயிர்க்காரரையும் கூட்டிக்கொண்டு வரும்படி சொன்னார்.

இந்தத் தடவை மேசையில் இரண்டு வளையங்கள் இருந்தன. ஒன்று நான் கட்டுரையில் விவரித்த பழைய வளையம். மற்றது பிறகு செய்தது. தயிர்ச்சட்டி குலுங்கினால் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வளையத்தில் தேங்கிக் கீழ்ச்சட்டியின் கடதாசியை ஊறவைக்கும். கடைக்காரர்கள் குறை சொன்ன பிறகு தயிர்க்காரர் ரியூப்பின்மேல் மெல்லிய றப்பர் நாடாவைச் சரிவாகச் சுற்றினார். நாடாவுக்கும் நாடாவுக்கும் இடையே உண்டான பள்ளத்தால் தண்ணீர் வெளிப்பக்கமாக வழிந்துவிடும். விண்ணப்பத்தில் இதுவும் இருந்தது, ஆனால் ஏழாவது கோரிக்கையாக, யார் கண்ணிலும் படாமல்.

சட்டத்தரணி இரண்டு வழிகளைச் சொன்னார். சத்தியக்கடதாசியை நம்பி வெறும் வளையத்தையே கோருவது ஒன்று. அப்படியென்றால் தபாற்கந்தோர் விடயத்தையும் அதில் எழுத வேண்டும், மறைத்து எழுதிய கடதாசியைத் தன் கையால் அனுப்ப மாட்டேன் என்றார். வெறும் வளையத்தை விட்டுவிட்டுப் பள்ளம் உள்ள வளையத்தை மட்டும் கோருவது மற்றது. அது என் கட்டுரையில் இல்லை. அதற்கு எந்தத் திகதியையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

"இண்டைக்கு நாம எழுதுற ஒவ்வொரு வரியையும் நாளைக்கு கோட்டில எதிர்ப்பக்க லோயர் வாசிப்பார்" என்றார். "அவர் பக்கத்தில இருந்து வாசிக்கிறார் எண்டு நினைச்சுத்தான் நான் எழுதுற."

தயிர்க்காரர் இரண்டு வளையங்களையும் கையில் எடுத்துப் பார்த்தார். முதல் வளையம்தான் அவருக்கு முதலில் தோன்றியது. அதை விடுவது இலேசல்ல என்று அவர் முகத்தில் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

"அண்ணன், வெறும் வளையத்த ஆரும் செய்யட்டும். தெரியாத நாள நம்பிக் கோட்டுக்குப் போகேலா. பள்ளம்தான் நான் ராவு பகலா இருந்து கண்ட. அத மட்டும் கேளுங்க லோயரம்மா."

அறிக்கைக்குப் பதிலை எழுதச் சட்டத்தரணிக்கு ஒன்பது நாட்கள் எடுத்தன. பதில் எழுதித்தரும் கணினிச் செயலிகள் இப்போது இருக்கின்றன. தானும் ஒன்றைப் பாவிப்பதாகச் சொன்னார். ஆனால் அது சில வேளைகளில் இல்லாத தீர்ப்புகளை இருப்பதுபோல் எழுதிவிடும். அதனால் அது குறிப்பிடும் ஒவ்வொரு ஆவணத்தையும் திறந்து, பக்கத்தை வாசித்த பிறகே வைத்துக்கொள்வார். பரிசோதிப்பவர் காட்டிய வெளிநாட்டு ஆவணங்கள் நான்கையும் படங்களோடு பார்த்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் எங்கே தேங்கும் என்று அம்புக்குறி இட்டிருந்தார். பள்ளம் எவ்வளவு சரிவாக இருக்க வேண்டும் என்று தயிர்க்காரரிடம் கேட்டு, அவர் சட்டியைச் சாய்த்துக் காட்டியதைத் தானும் சாய்த்துப் பார்த்தார். மேசையில் தயிர்த்தண்ணீர் சிந்தியது. சட்டத்தரணியின் தாயார் துணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கோட்டுக்கும் எருமைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். பலரிடம் வேலை வாங்கியிருக்கிறேன். இவ்வளவு கவனத்தைச் சில நில அளவையாளர்களிடம் மட்டும்தான் கண்டிருக்கிறேன்.

சில மாதங்களுக்குப் பிறகு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது, பள்ளம் உள்ள வளையத்துக்கு மட்டும். சான்றிதழைத் தயிர்க்காரர் எனக்குத்தான் முதலில் கொண்டுவந்து காட்டினார். நான் இலக்கத்தையும் திகதியையும் எழுதிக்கொண்டேன்.

கொழும்புக் கம்பனி வார்த்த வளையத்தை அதன் பிறகுதான் வாங்கிப் பார்த்தோம். தயிர்க்காரரின் புதிய வளையத்தைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். நாடா சுற்றிய பள்ளத்தையும் அப்படியே வார்த்திருந்தார்கள். சட்டத்தரணி ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினார். மிரட்டல் இல்லை, கோரிக்கையின் வரிகளும் அவர்களுடைய வளையத்தின் படமும் பக்கம் பக்கமாக இருந்தன. வழக்குக்குப் போகாமலே பள்ளம் உள்ளதை நிறுத்திவிட்டார்கள். வெறும் வளையத்தை இன்றும் விற்கிறார்கள். அது அவர்களுக்கு உரியதுதான் என்கிறார் தயிர்க்காரர். ஆறு பெண்களும் வேலை செய்கிறார்கள். எதிர்க்கடைக்காரரும் பள்ளம் வைத்ததையே வாங்குகிறார்.

பொதி போன நாளை நான் இன்னும் தேடுகிறேன். தபாற்கந்தோரில் சாதாரணத் தபாலுக்குப் பதிவு இல்லை. செயலாளருக்கு ஞாபகம் இல்லை. ஓய்வூதியக் கடிதம் எந்த நாளில் கிடைத்தது என்று அந்தக் கந்தோரைக் கேட்டு எழுதியிருக்கிறேன். அது தெரிந்தால் மற்ற நாள் தானாகத் தெரிந்துவிடும். பதில் வரவில்லை. வாழ்த்துச் செய்தி எழுதிய பெரியவர் வெளிநாடு போய்விட்டார். மலரின் முதற் பக்கத்தில் அவருடைய செய்தி இருக்கிறது, அடியில் கையொப்பம் இருக்கிறது, திகதி இல்லை. ஆகவே அந்தத் தாள்கள் புதன்கிழமை போயினவா, வெள்ளிக்கிழமை போயினவா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.