பச்சைப் பிசிர்

கண்ணுகளா, இதைப் படித்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உங்கள் அப்பன் பத்தாவதோடு பனியன் கம்பெனிக்கு வந்தவன், அதிலும் செக்கிங்கிலேயே காலத்தை ஓட்டியவன். ஒரு பீஸைக் கையில் எடுத்தால் ஓட்டை எங்கே, எண்ணெய்க் கறை எங்கே, தையல் விட்டது எங்கே என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாததைக் குறை என்று எழுதினால் டெய்லர்கள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அதனால் யாராவது பேய், அருள், கனவில் வந்து சொன்னது என்று ஆரம்பித்தால், "எங்கே, தொட்டுக் காட்டுங்க பாக்கலாம்" என்பேன், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நானே தொட்டுப் பார்த்தேன், பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.

அப்போது பெரியவனே, நீ நடை பழகிக்கொண்டிருந்தாய், சின்னவள் பிறக்கவில்லை. எங்கள் கம்பெனியில் அந்தோணி என்று ஒரு கட்டிங் மாஸ்டர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் சம்சாரம் ரீத்தா அங்கேயே ஓவர்லாக் டெய்லர். தையல் கோடு போட்ட மாதிரி நேராக ஓடும், ஆனால் ஒரு கெட்ட பழக்கம், நூலை டிரிம்மரால் வெட்டாமல் பல்லால் கடித்து அறுப்பாள். கடித்த இடத்தில் ஒரு விரல்கடை நூல் தொங்கும். அதற்குத்தான் எங்கள் தொழிலில் பிசிர் என்று பெயர். நான் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரைப் பிசிருக்குப் பக்கத்தில் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். அவள் அந்தப் பீஸோடு என் டேபிளுக்கே வந்து நிற்பாள்.

"அண்ணாச்சி, இந்த ஒரு நூலப் பாத்தா வெளிநாட்டுக்காரன் நம்ம கம்பெனிய இழுத்து மூடிருவான்?"

"மூடமாட்டானுங்கம்மா. ஆனா என்னை வெளிய அனுப்பிருவாங்க."

"அப்ப ஒங்களுக்காவ வெட்டுதேன்" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே மறுபடியும் பல்லால்தான் கடிப்பாள். சிரிக்காமல் இருக்க முடியாது.

புருசன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரு கிறுக்கு இருந்தது, படம் எடுக்கும் கிறுக்கு. நடிகர் கிடையாது, பொம்மைதான். ரீத்தா கட்டிங் வேஸ்ட் துணியை அடைத்து முழங்கை நீளத்தில் ஒரு வெள்ளைப் பொம்மை தைத்தாள். உள்ளே கம்பி, கண்ணுக்கு இரண்டு பட்டன். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி மூடியிருக்கும்போது முதலாளியிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். ரீத்தா பொம்மையின் கையை ஒரு நெல்மணி அளவு நகர்த்துவாள், அந்தோணி சின்ன டிஜிட்டல் கேமராவில் ஒரு போட்டோ எடுப்பார். மறுபடியும் நெல்மணி அளவு, மறுபடியும் போட்டோ. இப்படி நாள் முழுக்க எடுத்தால் பொம்மை நாலு எட்டு நடக்கும், அவ்வளவுதான். அதைக் கம்ப்யூட்டரில் வரிசையாக ஓட்டினால் உயிர் வந்த மாதிரி இருக்கும்.

கதையும் ரீத்தா சொன்னதுதான். வேஸ்ட் மூட்டைக்குள் கிடந்த பொம்மை ஞாயிற்றுக்கிழமை கண் விழிக்கிறது, ஆள் இல்லாத கம்பெனியைச் சுற்றிப் பார்க்கிறது, வெளியே போக வழி தேடித் துணி ரோல் மேல் ரோலாக ஏறுகிறது.

பொம்மையைத் தைத்த அன்று என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். இடது மணிக்கட்டில் பச்சை நூல் ஒன்று தொங்கியது. அன்றைக்கு அவள் மிஷினில் பச்சை ஓடியிருக்கிறது. நான் விளையாட்டுக்கு ஒரு சிவப்பு அம்புக்குறியை அங்கே ஒட்டினேன்.

"பொம்மைக்குமா அண்ணாச்சி? கெடக்கட்டும், பெறவு கடிச்சுக்கிடுதேன்" என்றாள்.

கடைசி சீன் ஒன்றுதான் பாக்கி. அது என்னவென்று அந்தோணிக்கே தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லுதேன் என்றிருக்கிறாள். அந்த ஞாயிறு வருவதற்குள் வியாழக்கிழமை காலையில் மிஷின் மேலேயே சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். உயிர் பிழைத்தாள், பேச்சு போய்விட்டது. வலது கையும் சரியாக வராது. ஏழு மாதம், கண்ணுகளா, ஒரு சொல் கிடையாது. உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள், கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டாள். பழகினதைக் காட்டிக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் அந்தோணி என் டேபிளுக்கு வந்தார். "அண்ணாச்சி, எடுத்த வரைக்கும் படத்த ஒட்டி சீடி போட்டுட்டேன். நம்ம ஆளுவள வச்சு ஒரு நாள் போட்டுக் காட்டுவோம். பாத்தவங்க என்ன நெனச்சாங்கன்னு எழுதி வாங்கிக் குடுங்க, அவகிட்ட வாசிச்சுக் காட்டணும். அதுக்கும் அசையலன்னா ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். இனி இங்க இருந்து என்ன செய்ய?" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

ஒரு ஞாயிறு மத்தியானம், பேக்கிங் ஹாலில் டி.வி.யும் டி.வி.டி. பிளேயரும் வைத்தோம். வெளிச்சம் வராமல் ஜன்னலுக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கி, ஷட்டரை இறக்கி, டியூப்லைட்டை அணைத்தோம். முப்பது பேர் இருக்கும். கருத்து எழுத வேறு தாள் கிடைக்காமல் செக்கிங் ரிப்போர்ட் சீட்டையே ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். ரீத்தா முன்னால் நாற்காலியில் இருந்தாள். அந்தோணி டி.வி.க்கு முதுகைக் காட்டி அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டார். படம் முழுக்க அவள் முகத்தைத்தான் பார்த்தார், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் ஓடியது. முதலில் சிரித்தார்கள். பேக்கிங் மரகதக்கா, "ஏனுங், இது என்னங் தத்தக்கா பித்தக்கான்னு நடக்குது, காலைல டீ குடிக்கலையாட்ட இருக்குதுங்க" என்றார். அப்புறம் ஒவ்வொருவராக அடங்கினார்கள். நாங்கள் தினம் மிதிக்கிற அதே தரையில் அது நடக்கிறது, என் டேபிளுக்குக் கீழே ஒளிகிறது, துணி ரோல்களில் ஏறுகிறது. மேலே போய் ஜன்னலுக்கு முன்னால் நின்றது.

நின்றதா, அப்புறம் மெதுவாக எங்கள் பக்கம் திரும்பியது. அதுவரை வெட்டி வெட்டி நடந்த பொம்மை, இப்போது தண்ணீரில் இலை திரும்புகிற மாதிரி ஒரே இழுப்பாகத் திரும்பியது. இடது கையைத் தூக்கி மணிக்கட்டைப் பார்த்தது. தொங்குகிற பச்சை நூலை வாய்க்குக் கொண்டுபோனது. அதற்கு வாயே தைக்கவில்லை, ஆனாலும் கடித்தது. டொக்கென்று நூல் அறுகிற சத்தம் கேட்டது. பிறகு கையை எங்களுக்கு நேராக நீட்டிக் காட்டியது, சோதித்துக்கொள் என்கிற மாதிரி. எனக்குப் பயமே வரவில்லை, நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல இருந்தது.

திரை இருட்டானதும் எல்லாரும் கை தட்டினார்கள். டியூப்லைட்டைப் போடப் போனேன், எரியவில்லை. அப்போதுதான் மேலே பார்த்தேன், ஃபேனும் நின்றிருந்தது, என் சட்டை வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. ஷட்டரைத் தூக்கினால் வாட்ச்மேன் வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"கரண்ட் எப்பங்க போச்சு?"

"அது அப்பவே போச்சுங்களே, அஞ்சு நிமிசம் ஆச்சு. ஜெனரேட்டர் சாவி முதலாளி ஊட்டுல இருக்குதுங்க. நீங்க எப்புடிப் படம் பாக்குறீங்கன்னு நானே நெனச்சேன்."

அவருக்கு நேரம் சரியாகத் தெரியவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஷட்டர் வெளிச்சத்தில் சீட்டு எழுதினார்கள். அந்தோணி ரீத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தார். "ஏட்டி, கேட்டியா, ஒருத்தர் எழுதிருக்காரு, 'பாட்டு இல்லை, ஃபைட் இல்லை, ஆனாலும் எழுந்து போக மனசில்லை'. இன்னொருத்தர், 'கால் ஆட்டம் அதிகம், மைனர் டிபெக்ட், பாஸ் பண்ணலாம்'. மரகதக்கா சொல்லி எழுதுனது, 'பொம்மைக்கு ஒரு சோடி வெச்சிருக்கலாமுங்க'." ரீத்தா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சீட்டில் நிறுத்தினார். "'கடைசியில் நூலைக் கடிக்கிற இடம் அருமை.' இது என்ன அண்ணாச்சி, யாரு எழுதுனது?"

"எல்லாருந்தான் எழுதியிருப்பாங்க மாஸ்டர். அதானுங்களே படமே" என்றேன்.

அவர் மற்ற சீட்டுகளைப் புரட்டினார். மிச்சம் எல்லாவற்றிலும் அதுதான். ஒருவர் கண்ணில் தண்ணீர் வந்தது என்று எழுதியிருக்கிறார், ஒருவர் என்னையே பார்த்தது என்று எழுதியிருக்கிறார். ஒரு ஹெல்ப்பர் பொண்ணு எழுத்துத் தெரியாமல் ஒரு கையும் ஒரு நூலும் வரைந்திருந்தாள். அந்தோணி சீட்டுகளைக் கீழே வைத்தார்.

"பொம்ம ஜன்னலுக்கு முன்னால நிக்கும், அத்தோட படம் முடிஞ்சு. அதுக்கு மேல நான் ஒரு போட்டோகூட எடுக்கல அண்ணாச்சி."

கரண்ட் வந்ததும் மறுபடி போட்டோம். பொம்மை ஏறுகிறது, ஜன்னலுக்கு முன்னால் எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது, திரை இருட்டாகிறது. மூன்று தடவை போட்டோம், மூன்று தடவையும் அவ்வளவுதான். யாரும் எழுந்து போகவில்லை.

பொம்மையைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு அந்தோணி கொண்டுவந்திருந்தார். டப்பாவின் மேல் டேப் ஒட்டியபடியே இருந்தது, நான்தான் பிரித்தேன். இடது மணிக்கட்டில் என் சிவப்பு அம்புக்குறி அப்படியே இருக்கிறது. அது காட்டுகிற இடத்தில் பிசிர் இல்லை. விரலால் தடவினேன், தையலோடு ஒட்ட அறுந்திருந்தது, அந்த இடம் ஈரமாக இருந்தது.

"அண்ணாச்சி, இங்க பாருங்க" என்று அந்தோணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ரீத்தாவின் கீழுதட்டில் ஒரு விரல்கடைப் பச்சை நூல் ஒட்டியிருந்தது. படம் ஓடும்போது அவள் வாய் மென்றதைப் பார்த்தேன், ஏதோ இழுப்பு என்று நினைத்தேன் என்று பிறகு சொன்னார்.

ரீத்தா பொம்மையைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள். ஏழு மாதம் கழித்து, நாக்கு குழறி, ஆனால் முப்பது பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இப்பப் பாஸா அண்ணாச்சி?"

அம்புக்குறியைப் பிய்த்து எடுத்தேன், அவளுக்குப் புரிந்தது. அந்தோணி அவள் மடியில் தலையை வைத்து அழுததை நான் எழுதப்போவதில்லை.

பேச்சு இப்படித் திடீரென்று திரும்புவது உண்டு என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. அவர்கள் ஊருக்குப் போகவில்லை, இன்றும் இங்கேதான் இருக்கிறார்கள். அந்தக் கடைசி சீனை எடுத்துச் சேர்த்துவிடலாம் என்று அந்தோணி எத்தனையோ தடவை கேட்டார். "அதான் எல்லாரும் பாத்தாச்சுல்லா" என்று ரீத்தா ஒத்துக்கொள்ளவே இல்லை. அதனால் அது எடுக்கப்படவே இல்லை. படம் மட்டும் சீடியில் கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் போனது. டீக்கடையில் சண்டைகூட நடந்திருக்கிறது, முடிவு இருக்கிறது என்று எங்கள் முப்பது பேரும், இல்லை என்று மற்றவர்களும்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், பெரியவனே, போன மாதம் அந்தப் படத்தை யாரோ இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்கள் என்று நீதான் செல்போனில் காட்டினாய். கீழே ஜனங்கள் எழுதியிருந்ததை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். முழுப் படம் எங்கே, கிளைமாக்ஸைக் காணோம், பாதியில் விட்டுவிட்டார்கள் என்றுதான் எல்லாரும் எழுதியிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும், வெள்ளகோவில்காரர், "பச்சை நூலைக் கடித்துவிட்டுக் கையை நீட்டுதே, அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்துவிட்டது" என்று எழுதியிருந்தார். எங்கள் கம்பெனிப் பக்கமே வராத மனிதர், விசாரித்துவிட்டேன். எங்கே பார்த்தீர்கள் தம்பி என்று நீ தூங்கின பிறகு தட்டுத்தடுமாறி எழுதிக் கேட்டேன்.

காலையில் பதில் வந்திருந்தது. "இதே படந்தானுங்க. டி.வி.ல போட்டுப் பாத்துட்டு இருந்தேன், பாதில கரண்ட் போயிருச்சு. அதுக்கப்புறந்தானுங்களே அந்த சீனே வந்துச்சு."