கூமாப்பட்டிக்கு வராத வேன்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தெரு ஒன்றில், பெண்கள் சேர்ந்து நடத்தும் நாப்கின் தையல்கூடம் இருக்கிறது. வெங்கடேஸ்வரி அங்கே மேற்பார்வை. மில்லில் ஷிப்டு பார்த்துச் சலித்து வந்தவள். தைத்ததைப் பிரித்து, பிரித்ததைத் தைத்துத் தானாகவே தொழில் படித்தவள். வீட்டுக்கு யார் வந்தாலும் குறை வெளியே தெரியக் கூடாது அவளுக்கு. கூடத்திலும் அப்படித்தான்.

நன்றாகத் தைக்கிற பெண்களில் பாதிப் பேர் கூமாப்பட்டிக்காரர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாற வேண்டும். முதல் பஸ் பிந்தினால் அடுத்ததும் போய்விடும். அவர்கள் வந்து சேரும்வரை மிஷின்கள் சும்மா கிடக்கும். பண உதவி செய்யும் வெளிநாட்டு அமைப்பிடம் ஒரு வேன் கேட்டிருந்தார்கள். நிலவரம் பார்த்து யோசனை சொல்ல, அங்கே வணிகம் படிக்கும் மூன்று மாணவர்களை ஒரு வாரத்துக்கு அனுப்பினார்கள்.

நேரம் தவறி வருகிறவர்களுக்கு யார் வேன் கொடுப்பார்கள் என்று வெங்கடேஸ்வரி கவலைப்பட்டாள். பெண் பார்க்க வருகிற வீட்டார் முன்னால் ஒழுகும் கூரையையா காட்டுவார்கள்?

“ஏட்டி மாரி, அந்த வெளிநாட்டுப் பிள்ளைக முன்னாடி மூச்சிரைக்க வந்து நிக்காதிய. ஒரு வாரம் எல்லாரும் எம் வீட்லயே படுத்துக்கோங்க.”

“சோறும் உண்டாக்கா?” என்றாள் மாரீஸ்வரி.

“பொங்கிப் போடுதேன். பிரியாணி கேட்டா வெளக்கமாறுதான்.”

பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு மாரீஸ்வரியும் வந்து தங்கினாள். அந்த வாரம் மணியடிக்கும் முன்பே எல்லா மிஷினும் ஓடியது.

கடைசி நாள், கிளாரா என்ற மாணவி மாரீஸ்வரியிடம் வந்துபோவதில் சிரமம் உண்டா என்று கேட்டாள். கூடத்தின் மேனேஜர் சாம்சன் அதைத் தமிழில் சொன்னார். மாரீஸ்வரி வெங்கடேஸ்வரியைப் பார்த்தாள். வெங்கடேஸ்வரி கண்ணைக் காட்டினாள்.

“சிரமமெல்லாம் இல்லைங்க. நேரத்துக்கு வந்துருதோம்.”

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பெண்கள் தவறாமல் நேரத்துக்கு வருகிறார்கள், போக்குவரத்தில் குறையில்லை, வேனுக்குப் பதில் மிஷின் வாங்கலாம் என்று மாணவர்கள் எழுதியிருந்தார்கள். புது மிஷின்களும் வந்து இறங்கின.

“உள்ளதச் சொல்லி எழுதுங்க சார்,” என்றாள் வெங்கடேஸ்வரி சாம்சனிடம்.

“எழுதிட்டேம்மா. இனி அடுத்த வருசம் பாப்போம்ங்காக.”

மழைக்காலத்தில் பஸ் இன்னும் பிந்தியது. கூமாப்பட்டிப் பெண்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டு நின்றார்கள். கடைசியில் மாரீஸ்வரியும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்கடேஸ்வரி தேடிப் போனாள். மாரீஸ்வரி தென்னந்தோப்பில் மட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். தைக்கிற விரல்களில் சிராய்ப்பு.

“எம் மேல கோவமா ஏட்டி?”

“உங்க மேல என்ன கோவம்? அந்த ஒரு வாரந்தான் நல்லாத் தூங்குனேன்.”

“அப்ப எம் வீட்லயே வந்து இருந்துக்கோ.”

“எம் பிள்ளைக எங்க இருக்கும்?”

மாரீஸ்வரி வீட்டுக்குக் கூட்டிப்போய் டீ போட்டுக் கொடுத்து, பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்து விட்டுப் போனாள்.

பஸ் வரவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கிளாராவை ஒரு நாள் காலையில் இங்கே கூட்டிவந்து நிறுத்தியிருக்கலாம் என்று வெங்கடேஸ்வரி நினைத்தாள்.