மூன்று மைலுக்கு ஒரு டாங்கி பெட்ரோல்

சொந்த வண்டி ஓட்டுகிறவனுக்கு ஒரு கவலை, முதலாளி வண்டி ஓட்டுகிறவனுக்கு இரண்டு: பெட்ரோல் மலிவாகவும் இருக்க வேண்டும், நல்லதாகவும் இருக்க வேண்டும். அடுத்தவர் பிக்கப்பை ஓட்டிப் பிழைக்கிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா? நான் ஓட்டுவது திருவாரூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவரின் வண்டி. விதைநெல், உரம், வைக்கோல், சில சமயம் ஆட்கள்.

உள்ளங்கைச் சோதனை

பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ஊதுவேன். நல்ல சரக்கு ஜில்லென்று பறந்துவிடும். கலப்படம் பிசுபிசுவென்று தங்கும். அந்தக் கையோடு சாப்பிட உட்கார்ந்தால் என் மனைவி செல்வி தட்டை இழுத்துக்கொள்வாள். சோப்புப் போட்டுக் கழுவி வந்தால்தான் சோறு. ஒருநாள் நான் கையை விரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துப் பங்க்கில் பெட்ரோல் அடிக்கிறவர் கேட்டார்: "பெட்ரோல் போட வந்தீங்களா, கைரேகை பாக்க வந்தீங்களா?"

ஊதாமல் போட்டது

கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. வயலில் கூலித் தகராறு மாறவில்லை. அந்தச் சம்பா அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு உள்ளூர் ஆட்கள் வயலில் இறங்கவில்லை. வெளியூரிலிருந்து ஆள் ஏற்றி வரச் சொன்னார் மிராசுதார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போகிற அவசரத்தில், ஒரு சைக்கிள் கடையில் டின்னில் விற்ற மலிவுப் பெட்ரோலை ஊதிப் பார்க்காமலே ஊற்றிக்கொண்டேன்.

ஆட்களோடு திரும்பும்போது வண்டி இருமி இருமி, ஊர் முனையில் மறியல் செய்தவர்களுக்கு நேர் எதிரே நின்றுவிட்டது. முன்வரிசையில், பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார். அவரும் கூலிக்கு அறுக்கிறவர்தான். யாரும் என்மேல் கை வைக்கவில்லை. வந்த ஆட்கள் தாமாகவே இறங்கித் திரும்பி நடந்தார்கள். இரண்டு அடி விழுந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. மாமனார் எழுந்து வந்து பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டிக்கே தெரிஞ்சிருக்கு மாப்ளே, உங்களுக்குத் தெரியலயே."

முழு டாங்கி

அன்று மாலையே செல்வி அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். பக்கத்து ஊர்தான், மூன்று மைல். அதன்பிறகு நான் கையைக் கழுவாமலே சாப்பிடுகிறேன், கேட்க ஆளில்லை. சோறு முழுக்கப் பெட்ரோல் வாசனை. தட்டை இழுத்துக்கொள்ள ஒருத்தி இல்லையே என்று இப்படி ஏங்குவேன் என யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பத்து நாள் பொறுத்தேன். பிறகு மூன்று பங்க்குகளில் சொட்டு வாங்கி ஊதி, இருப்பதில் நல்லதை டாங்கி நிறைய அடித்துக்கொண்டு, இந்தத் தடவை வழியில் நின்று மானம் போகக்கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டே போனேன். வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. செல்வி வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். கண் கலங்கியது. ஆனாலும் எட்ட நின்றே சொன்னாள்: "மூணு மைலுக்கு இது எதுக்குங்க? இத மிராசுதார்கிட்டயே விட்டுட்டு நடந்து வாங்க, நானும் கூட நடந்து வர்றேன்."

அவளிடம் போய்ச்சேர ஒரு சொட்டுப் பெட்ரோலும் வேண்டாம் என்று தெரிந்தும், வேறு பிழைப்புத் தெரியாத நான் இன்று காலைகூடப் பங்க்கில் உள்ளங்கையை விரித்து ஊதிக்கொண்டுதான் நின்றேன்.