பாலீஷ்காரனுக்குக் கொடுத்த மாத்திரை

என் தம்பி மரச் சாமானுக்குப் பாலீஷ் போடுறவன். பழைய மேசையைக் கொடுத்தா முகம் பார்க்கிற மாதிரி திருப்பித் தருவான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுறதுதான் வராது. சரியான ஊமைக்கோட்டான். குடிச்சாலாவது பேசுவானான்னா அதுவும் இல்ல, சுருண்டு படுத்துக்குவான்.

அவன் பொண்டாட்டியும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. "மூணு மாசம் குடிக்காம இருக்கட்டும் அண்ணி, நானே வந்துடுறேன்"னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா.

நான்தான் அவனை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன். தினம் ஒரு மாத்திரை. அதைப் போட்டுக்கிட்டு ஒரு வாய் குடிச்சாலும் மூஞ்சி சிவந்து, நெஞ்சு படபடத்து, குடலே வெளியே வர்ற மாதிரி வாந்தி வருமாம். இருமல் மருந்துகூடக் கூடாதுன்னாரு. நான் விடுவேனா? காலையில என் கண்ணு முன்னாடி முழுங்கணும், நாக்கைத் தூக்கிக் காட்டணும். வீட்டுல இருந்த செண்ட்டு, ஷேவிங் லோஷன் எல்லாத்தையும் குப்பையில போட்டேன். "என்ன வேலை பார்க்கிறாரு?"ன்னு டாக்டர் கேட்டப்போ, இவன் வாயைத் திறக்கிறதுக்குள்ள நானே "தச்சு வேலை"ன்னுட்டேன். பாலீஷ்னா அவருக்கு என்ன புரியப் போகுதுன்னு நினைச்சேன். பெரிய மேதாவி!

எண்பத்தஞ்சாவது நாள் மத்தியானம் பட்டறை முதலாளி போன் பண்ணினாரு. "உன் தம்பி பழையபடி ஆரம்பிச்சுட்டான்மா. மூஞ்சியெல்லாம் சிவந்து, வாந்தி எடுத்துட்டுக் கிடக்கிறான்."

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே! ஆட்டோவுல போகும்போதே அவன் பொண்டாட்டிக்குப் போன் போட்டேன். "குடிச்சுட்டான்மா. நீ வராதே. உன் பொழப்பைப் பாரு."

ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு டாக்டர் வந்தாரு. "இவர் குடிக்கலையேம்மா. அங்க என்னதான் வேலை பண்றாரு?"

"பாலீஷ் போடுறான்."

"எதுல கலக்குவீங்க?"

"ஸ்பிரிட்டுல அரக்கை ஊற வைப்போம்"னு படுக்கையில இருந்து இவன் முனகினான்.

டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டாரு. அந்த ஸ்பிரிட்டும் சாராய வகைதானாம். ஈரப் பாலீஷ்ல தூசி ஒட்டாம இருக்கக் கதவு ஜன்னலெல்லாம் சாத்திட்டுத்தான் பட்டறையில வேலை. அன்னைக்கு ஒரு பெரிய அலமாரி. காலையிலிருந்து அந்த ஆவியையே இழுத்திருக்கான். "வேற மாத்திரை இருக்கும்மா, முன்னாடியே சொல்லியிருந்தா அதையே கொடுத்திருப்பேன்"னாரு.

உடனே அவளுக்குப் போன் பண்ணி நடந்ததெல்லாம் சொன்னேன்.

"தம்பிக்கு ஒண்ணுன்னா விட்டுக்கொடுக்கவே மாட்டீங்க அண்ணி. நீங்களே குடிச்சுட்டான்னு சொன்னதாலதான் நம்பினேன். இப்போ பாலீஷ், ஆவின்னு கதை விடுறீங்க." போனை வச்சுட்டா. மறுபடி அடிச்சேன், எடுக்கலை.

டாக்டர் பேசினா நம்புவாளோ என்னவோ. எனக்கு அழுகையா வந்துச்சு. அதையும் இவன் மேலதான் காட்டினேன். "பத்து நாளாவே நெஞ்சு படபடன்னு வந்துச்சுன்னு இப்போ டாக்டர்கிட்ட சொல்றே. ஏண்டா சொல்லலை? வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

"சொல்லியிருந்தா, எங்கடா குடிச்சேன்னுதானே கேட்டிருப்பே"ன்னான்.

ஆமா, அதைத்தான் கேட்டிருப்பேன்.