அறுந்த ஒயர்

கணவர் இறந்த பிறகு, திருநெல்வேலியிலிருந்து களக்காட்டுக்கு வேலைக்குப் போகும் பேருந்தில் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரும் துக்கம் விசாரித்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

ஒருநாள் பக்கத்தில் இருந்த பெண் தோளைத் தொட்டாள். "அக்கா, போன்ல சொருகுற பின்னுகிட்ட ஒயரு அறுந்து கெடக்கு. இதுல என்னத்தக் கேக்குதிய?"

வெட்கமாக இருந்தது. "ஒண்ணும் கேக்கல. அவுக போனதுல இருந்து யார்ட்டயும் பேச முடியல" என்றேன்.

"அப்ப பேச வேண்டாம். அடுத்து வாங்கையில தடிச்ச ஒயரா பாருங்க. போன்ல இறுக்கிச் சுத்தாம, தளர்வா சுருட்டி வையுங்க. ரொம்ப நாளு வரும்" என்றவள், களக்காடு வரும்வரை என் கையைப் பிடித்தபடியே வந்தாள்.

அப்புறம் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் சொன்னபடி வாங்கிய இயர்போன் இன்னும் உழைக்கிறது. இப்போது அதில் பாட்டுக் கேட்கிறேன், ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு.