தண்ணீர்ப் பீப்பாயில் அடித்த பலகை

ஹாகருக்கு வாசிக்கத் தெரியும். தெரியாதவளைப் போல அவள் பத்து வருஷம் நடித்தாள். எஜமான்களிடம் நடித்ததில் தப்பே இல்லை. எழுத்துத் தெரிந்த அடிமைக்கு அமெரிக்காவின் ஜார்ஜியாவில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் போர் முடிந்து, விடுதலை வந்து, தோட்டத்துப் பருத்திக் கிடங்கே பள்ளிக்கூடமாகி, வடக்கேயிருந்து ஒரு மிஸ் வந்து பாடம் சொல்ல ஆரம்பித்த பிறகும் நடித்தாளே, அதற்கு என்ன சமாதானம் சொல்வது?

ஒரே ஒருத்திக்குப் பயந்துதான் நடித்தாள். அவள் பெயர் டைசி. பக்கத்துக் குடிசைக்காரி, ஹாகரை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவள். சோளரொட்டி சுட்டால் முதல் துண்டு ஹாகர் வீட்டுக்குத்தான் வரும். அந்த ரொட்டியை விழுங்குவதற்குள் ஹாகருக்குப் போதும் போதும் என்று ஆகிவிடும்.

டைசியின் புருஷன் மிங்கோவை விற்றுவிட்டார்கள். எங்கேயோ தெற்கே, டெக்சாஸ் பக்கம் என்று பேச்சு. இப்போது விடுதலைக்குப் பிறகு, பிரிந்து போனவர்களைத் தேடிப் பத்திரிகையில் அறிவிப்புப் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போதகர்கள் அதைச் சர்ச்சில் சத்தமாக வாசிக்கிறார்கள். அப்படி வாசித்துக் கேட்டு ஓடி வந்து சேர்ந்தவர்களும் உண்டு. டைசிக்கும் ஓர் அறிவிப்புப் போட வேண்டும். அதற்காகத்தான் பள்ளிக்கூடத்துக்கே வந்தாள்.

"நான் எழுதித் தர்றேனே டைசி, ரெண்டு நிமிஷ வேலை" என்று மிஸ் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள்.

"வேணாம் மிஸ். என் கையாலதான் எழுதணும். எனக்கு வாசிக்கத் தெரியாமப் போனதாலதான அவரு போனாரு. அன்னைக்கு நான் முந்தியடிச்சுக்கிட்டுத் தண்ணிக்குப் போகாம இருந்திருந்தா அவரு இங்கயே இருந்திருப்பாரு."

இதைக் கேட்கும்போதெல்லாம் ஹாகர் தலையைக் குனிந்துகொள்வாள். டைசிக்கோ எழுத்து ஏறவே இல்லை. மாசக்கணக்காகியும் அவள் தன் பெயரைத் தாண்டவில்லை. ஹாகர் நினைத்திருந்தால் ராத்திரியில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஒரு மனுஷனைத் தேடும் வேலை இவளுடைய நடிப்பால் தடைபட்டுக் கிடந்தது.

அடிமையாக இருந்த காலத்தில் காட்டுக்குள்ளே ஒரு பள்ளம் இருந்தது. மேலே கிளைகளைப் பரப்பி, சருகைக் கொட்டி மூடியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரக் குடும்பம் சர்ச்சுக்குப் போனதும் மூன்று நான்கு பேர் அதற்குள் இறங்குவார்கள், ஹாகரும் அதில் ஒருத்தி. சொல்லிக் கொடுத்தவன் மிங்கோ. வண்டியோட்டி, எஜமான் பிள்ளைகள் பாடம் படிக்கும் ஜன்னலடியில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றே கற்றுக்கொண்டவன். தனக்குப் பிறக்கப் போகும் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து டைசியிடம்கூட அவன் மூச்சு விடவில்லை. குச்சியால் தரையில் எழுத வேண்டும். எழுதியதும் இடது குதிகாலை வைத்து அரைவட்டம் திருப்பி அழித்துவிட வேண்டும். "யாராச்சும் பாத்து என்னன்னு கேட்டா, எறும்பு நசுக்குறேன்னு சொல்லுங்க" என்பான் மிங்கோ.

ஒருநாள் கங்காணி ப்ரூயிட்டின் நாய் அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்தது. உள்ளே கிழிந்த புத்தகத் தாள் ஒன்று கிடந்தது. ஆள் யார் என்று தெரியவில்லை. ப்ரூயிட் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. மறுநாள் காலையிலிருந்து பருத்திக்காட்டில் யாருக்கும் சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை. உச்சி வெயிலில் ஒரு பீப்பாயைக் கொண்டுவந்து வைத்து, அதன் பக்கவாட்டில் ஒரு பலகையை அடித்தான். பலகையில் சுண்ணாம்பால் எழுதியிருந்தது: இந்தத் தண்ணீரில் எலிப் பாஷாணம் கலந்திருக்கிறது.

"வரிசையா வந்து குடிங்க" என்றான். சொல்லிவிட்டு எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றான். பாவி.

டைசி அப்போது நிறைமாசம். நாக்கு வறண்டு முதல் ஆளாக ஓடினாள். ஹாகர் அவளுக்கு அடுத்து நின்றாள். பலகையைப் பார்த்தாள், வாசித்தாள். டைசி சுரைக்குடுவையை முக்கினாள், தூக்கினாள். கையை நீட்டினால் தொடுகிற தூரம். ஹாகர் வாயைத் திறக்கவில்லை.

வரிசையின் கடைசியிலிருந்து மிங்கோதான் பாய்ந்து வந்து குடுவையைத் தட்டிவிட்டான். ப்ரூயிட் சிரித்தான். பிறகு அதே பீப்பாயிலிருந்து தானே ஒரு குடுவை மொண்டு மடமடவென்று குடித்துக் காட்டினான். அது வெறும் தண்ணீர். அன்று சாயங்காலமே மிங்கோவைச் சங்கிலியில் பூட்டிக் கொண்டுபோனார்கள். அவன் போகும்போது பள்ளத்துக்கு வந்த யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஹாகர் இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அது தந்திரம் என்று தனக்கு அப்போதே தெரியும், அத்தனை விலை கொடுத்து வாங்கிய ஆட்களை எவன் விஷம் வைத்துக் கொல்வான் என்று ஹாகர் பின்னாளில் தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். சுத்தப் பொய். அந்த நிமிஷத்தில் அவள் எதையும் யோசிக்கவில்லை. தன் முதுகுத் தோலை மட்டும்தான் நினைத்தாள்.

அந்த நடிப்பு இப்படியே எத்தனை நாள் ஓடியிருக்குமோ. பள்ளியில் சிலேட்டுப் பலகை பற்றாத நாட்களில் மிஸ் எல்லோரையும் வெளியே மணலில் உட்கார வைத்துக் குச்சியால் எழுதச் சொல்வாள். அன்றும் அப்படித்தான்.

"இந்த B எழுத்தப் பாருங்கப்பா" என்றார் கேட்டோ மாமா. எழுபது வயசு மாணவர். "நம்ம ப்ரூயிட்டு மாதிரியே மேல ஒரு தொப்பை, கீழ ஒரு தொப்பை. எழுதவே கை கூசுது."

எல்லோரும் சிரித்தார்கள். ஹாகரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு B எழுதி, அழித்தாள். இன்னொன்று எழுதி, அழித்தாள். பக்கத்திலிருந்த டைசியின் சிரிப்பு நின்றுபோனதை அவள் கவனிக்கவில்லை.

"என்னக்கா பண்றே கால வச்சு?"

"எறும்புடி" என்றாள் ஹாகர், நிமிராமலே.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. காலடியில் எறும்பு எதுவும் இல்லை. இடது குதிகால் மணலில் அரைவட்டம் போட்டு நின்றிருந்தது.

டைசி குச்சியைக் கீழே வைத்தாள். "அவரும் இப்படித்தான். அடுப்புச் சாம்பல்ல என்னமோ கிறுக்குவாரு, குதிகாலால திருப்புவாரு. என்னன்னு கேட்டா எறும்புன்னுதான் சொல்வாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு எனக்குப் பின்னாடி நின்னது நீதானே?"

"நான்தான்."

"பலகைய வாசிச்சியா?"

"வாசிச்சேன்."

"எப்ப? நான் குடுவையத் தூக்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பின்னாடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். ஹாகருக்கு அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெட்கமாக இருந்தது.

"முன்னாடி" என்றாள்.

டைசி எழுந்து போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க ரொட்டி வரவில்லை. ஹாகர் தன் வாசலில் உட்கார்ந்து பக்கத்துக் குடிசைப் புகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போய்க் காலில் விழலாமா என்று நினைத்தாள். எந்த முகத்தோடு போவது?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் டைசியே வந்தாள். கையில் மிஸ்ஸிடம் வாங்கிய காகிதமும் பென்சிலும் இருந்தன.

"எழுது" என்றாள்.

"உன் கையாலதான் எழுதணும்னு சொன்னியேடி..."

"என்னாலதான் போனாருன்னு நெனச்சிருந்தேன், அதனால சொன்னேன். இத்தன வருஷம் உன் பங்கையும் சேத்து நான்தான் சுமந்திருக்கேன். எனக்குக் கை ஓஞ்சு போச்சு. நீ எழுது."

ஹாகர் எழுதினாள். என் புருஷன் மிங்கோவைத் தேடுகிறேன். வண்டியோட்டி, உயரமானவர், இடது புருவத்தில் தழும்பு. தண்ணீர்க் குடுவையைத் தட்டிவிட்டதற்காக விற்கப்பட்டார். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். டைசி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஹாகர் ஒரு வார்த்தைகூட விடவில்லை.

"இன்னும் இருக்கு. அந்த வரிசையில வாசிக்கத் தெரிஞ்ச இன்னொருத்தியும் நின்னா. இத எழுதுறது அவதான், பேரு ஹாகர். அதையும் எழுது."

ஹாகரின் கை நின்றது. "இத சர்ச்சு சர்ச்சா வாசிப்பாங்க டைசி."

"வாசிக்கட்டும். எங்கயாவது அவரு காதுல விழுந்தா, நீ சொல்லிட்டேன்னு அவருக்கும் தெரியட்டும்."

ஹாகர் எழுதினாள். கடைசியில் தன் பெயரைப் போட்டாள். எழுதத் தெரிந்தவளாக, பகல் வெளிச்சத்தில், இன்னொருத்தர் பார்க்க அவள் எழுதியது அதுதான் முதல் தடவை. எழுதி முடித்ததும் அவளுடைய இடது குதிகால் தன்னால் தரையில் திரும்ப ஆரம்பித்தது.

டைசி குனிந்து அந்தக் காலைப் பிடித்து நிறுத்தினாள்.

"எறும்பு இல்லக்கா. அப்படியே இருக்கட்டும்."