தங்கையா அடைத்த ஓட்டை

தங்கையா அடைத்த டிங்கிப் படகுக்குள் நுழைய வேண்டுமென்றால் கடலே மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்று அந்தமானின் லாங் ஐலண்டில் சொல்வார்கள். மக்கிய பலகையைச் செதுக்கி எறிந்து, இடுக்கில் பஞ்சுத் திரியைச் செருகி, காய்ச்சிய குங்கிலியத்தை அவர் ஊற்றினால் மூன்று மழைக்காலம் தாங்கும். அந்தக் கைகாரருக்கு 1966-ல் கடைவாய்ப் பல் சொத்தையானது.

பத்து நாள் கஞ்சி குடித்துப் பார்த்துவிட்டு போர்ட் பிளேருக்குக் கப்பலேறினார். பல் டாக்டர் சிவஞானம் பல்லைப் பிடுங்கவில்லை. அதைக் குடைந்து, உள்ளே அழுகிய நரம்பை மெல்லிய ஊசிகளால் சுரண்டியெடுத்து, மருந்து வைத்து, வெள்ளைப் பூச்சால் தற்காலிகமாக மூடினார். இன்னும் ஒருமுறை வேர்வரை சுத்தம் செய்து நிரந்தரமாக அடைத்தால்தான் வேலை முடியும் என்றார்.

“வலி போயிடும், தங்கையா. எனக்கு அதுதான் பயம். நோயே போச்சுன்னு நினைச்சு வராம இருந்துடுவே. அடுத்த கப்பல்ல வந்து நிக்கணும்.”

வலி போனது. அடுத்த கப்பலும் வந்தது. தன் சீட்டை, போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் கல்யாணச் சேலை எடுக்கப் போன பழனிசாமிக்குக் கொடுத்துவிட்டு, “ஆராம் ஹோ கயா, சுகமாயிடுச்சு” என்று படகுத்துறையில் எல்லோரிடமும் வாயைத் திறந்து காட்டினார் தங்கையா. டாக்டர் என்ன விருந்துக்கா கூப்பிட்டார் என்று மனைவி மீனாம்பாள் குத்திக்காட்டியது காதில் ஏறவில்லை.

மறுவாரம் சோற்றோடு வெள்ளைப் பூச்சு பெயர்ந்து வந்தது. ஓட்டைதானே என்று நினைத்தார். கண்ணாடியை எதிரில் வைத்து, பஞ்சும் குங்கிலியமும் கொண்டு தானே அடைத்தார். மக்கியதைச் செதுக்காமல் அவர் அடைத்தது வாழ்நாளில் அது ஒன்றுதான்.

மூன்று நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள் தாடை கனத்தது. ஐந்தாம் நாள் தாடைக்கடியில் மரக்கட்டைபோல் இறுகி, நாக்கு மேலே தூக்கிக்கொண்டது. எச்சில் இறங்கவில்லை. கப்பல் முந்தின நாளே போயிருந்தது. இனி வர பன்னிரண்டு நாள். மீனாம்பாள் கோணி ஊசியால் குங்கிலியத்தை நெம்பினாள். அசையவில்லை. அவர் கைவேலை அவ்வளவு சுத்தம்.

வனத்துறைக்காரர்கள் வயர்லெஸ்ஸில் சொல்லி, மரம் இழுக்கும் படகில் ஏற்றினார்கள். படுத்தால் மூச்சடைத்தது. எட்டு மணி நேரமும் கம்பியைப் பிடித்து உட்கார்ந்தே வந்தார். ஒவ்வொரு மூச்சும் விசிலடித்தது. விசில் நின்றபோதெல்லாம் மீனாம்பாள் அவர் முதுகில் அறைந்தாள்.

“பல்லைக் காப்பாத்திடலாமாங்க?” என்று போர்ட் பிளேரில் டாக்டர் சிவஞானத்திடம் கேட்டாள்.

“சொன்ன தேதியில வந்திருந்தா பல்லைக் காப்பாத்தியிருப்பேன்மா. இப்ப ஆளைக் காப்பாத்தப் பாக்கறேன்.” கத்தியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

பத்தொன்பது நாள் கழித்து, பல் போய், தாடைக்கடியில் விரல் நீளத் தழும்போடு தங்கையா ஊர் திரும்பினார். அதற்கப்புறம் ஒவ்வொரு கவளத்துக்கும் அவர் தொண்டை ஒரு கணம் தயங்கும். அந்த ஒரு கணம் மீனாம்பாள் கையில் கரண்டி அப்படியே நிற்கும்.